தோள் மாத்த ஆளில்லை

முன்னீர்பள்ளம் தாண்டி தருவை ரோட்டுக்கு நாங்க வந்து சேரும்போது கிழக்கு இன்னும் வெளுக்கல. ஒரு பக்கம் வயலு, அதுக்கு அங்கிட்டு ஆறு. சேத்து வாசமும் கதிரு வாசமும் கலந்து வரும். என் தம்பி பீரு முன்னால ஓடுதான். நான் ஸ்கூட்டர்ல பைய பின்னால போறேன். பையில தண்ணியும் பேரீச்சம்பழமும் இருக்கு. ஸ்கூட்டர் வெளிச்சத்துல, அவன் சூவுக்கு நான் வாங்கிப்போட்ட ஆரஞ்சு நாடா மட்டும் குதிச்சுக் குதிச்சுப் போகும்.

பீரு சார்ஜாவுல இருந்து வந்து இறங்கினப்போ எனக்கே ஆள் அடையாளம் தெரியல. அரிசி மூட்டைக்குச் சட்டை மாட்டின மாதிரி வந்தான். சுகரு, பிரஷரு எல்லாம் சம்பாதிச்சுட்டு வந்திருந்தான். எங்க வாப்பாவும் நாப்பது வயசுலதான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. இவனுக்கும் அந்த வயசு வந்துட்டு. "நீயும் போயிட்டா எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு கிடையாதுலே"ன்னு சொல்லி, ஓட்டக்காரங்க குழு நடத்துற தாணுமாலையன் சார்கிட்ட நான்தான் இழுத்துட்டுப் போய் விட்டேன். தெருமுனைக்கு ஓடவே நாக்குத் தள்ளினவன், ஒரு வருசத்துல பத்தமடை வரைக்கும் ஓடித் திரும்புனான். ஜனவரில நடக்குற மாரத்தானுக்குப் பேரும் குடுத்துட்டான்.

"ஓடி முடிச்சா பிரியாணி உண்டா லாத்தா?"ம்பான்.

"மொத ஓடு. பொறவு மேயலாம்"பேன்.

அன்னைக்கு வாய்க்கால் பாலத்துக்கிட்ட போகும்போது எதுத்தாப்புல காலடிச் சத்தம் கேட்டுச்சு. வெறுங்காலு. கொஞ்சம் வேகமான நடை. கற்பூரமும் பன்னீரும் கலந்த வாசம் மொதல்ல வந்துச்சு, பொறவுதான் சந்தூக்குப் பெட்டி தெரிஞ்சுச்சு. பச்சைத் துணி போத்தி நாலு பேரு தோள்ல தூக்கிட்டு வாராங்க. கூட வேற ஒருத்தரும் இல்லை. நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, முக்காட்டை இழுத்துவிட்டேன்.

எங்க ஆளுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வழியில யாரு மய்யித்தாவது அடக்கத்துக்குப் போனா, ஆம்பளையாப் பொறந்தவன் நாலு எட்டாவது தோள் குடுக்கணும். யாரு எவருன்னு விசாரிச்சுக்கிட்டு நிக்கமாட்டாங்க. தூக்குறவன் தோளைத் தட்டுனா அவன் விலகுவான், நீ உள்ள போவ. கொஞ்ச தூரத்துல இன்னொருத்தன் உன் தோளைத் தட்டுவான், நீ விலகுவ. அப்படியே ஆள் மாறி ஆள் மாறி மையவாடி போய்ச் சேரும்.

பீரு திரும்பி, பின்பக்கம் இடது மூலையில நடந்தவன் தோளைத் தட்டுனான். அவன் விலகி வயலுக்குள்ள இறங்குனான், ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கல. பீரு உள்ள போனான். என்னைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தூக்கிட்டுப் போனான். அவன் கையில கட்டியிருந்த வாட்சு கீ கீன்னு கத்துச்சு. அதைப் பார்த்தான், முன்னையும் பின்னையும் பார்த்தான். தோளைத் தட்ட யாரும் வரல.

பைய தோளை உருவிக்கிட்டு ஓடி வந்துட்டான்.

"டைமிங் போச்சு லாத்தா."

"ஆள் மாத்தாமலா வந்த?"

"மூணு பேரு இருக்காங்கல்லா? தூக்கிக்கிடுவாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு ஆளு உருவிட்டா அந்த மூலை சாயணுமா வேண்டாமா?

சாயல.

அடுத்த தடவை கண்ணைச் சிமிட்டிட்டுப் பார்க்கும்போது ரோட்டுல யாருமே இல்லை.

அன்னைக்குச் சாயங்காலமே இடது தோளு வலிக்குன்னான். தைலம் தேய்ச்சேன். எக்ஸ்ரே எடுத்தோம், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை தாணுமாலையன் சார் என்கிட்ட வந்து, "என்னம்மா, உங்க தம்பி தண்ணிக்கொடம் தூக்கிட்டு ஓடுற மாதிரில்லா ஓடுதாரு?"ன்னு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. அவன் பனியன்ல இடது தோள்பட்டை மேல துணி அமுங்கிக் கெடந்துச்சு. மேல ஒண்ணுமே இல்லை, ஆனா அமுங்கிக் கெடந்துச்சு.

பள்ளிவாசல் மோதினார்கிட்ட போய், அன்னைக்கு யாரு மவுத்துன்னு கேட்டேன்.

"அன்னைக்கு மவுத்தே இல்லையே தாயி. சந்தூக்கு பள்ளியை விட்டு நகரவே இல்லை"ன்னாரு. நான் நடந்ததைச் சொன்னதும் அவருக்கு முகம் செத்துட்டு. தண்ணியில ஓதித் தந்தாரு. குடிச்சான். ஒண்ணும் கேக்கல.

"ஓட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வீட்ல கெடலே"ன்னு கத்துனேன்.

"நின்னாதான் பாரம் கூடுது லாத்தா. ஓடுனா கொறையுது" அப்படின்னான்.

மய்யித்தைத் தாமசிக்க விடக்கூடாது, வெரசாக் கொண்டு போகணும்னு சின்னப் பிள்ளையில இருந்து கேட்டு வளந்தவதான் நானும். என் தம்பிக்குப் படுக்க முடியல. ராத்திரியெல்லாம் மாடியில அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பான். விடிஞ்சா ஓடப் போயிருவான். மூட்டையா வந்தவன் குச்சியாயிட்டான். தெருவுல பொம்பளைகள் எல்லாம் "பீரு என்னமா இளைச்சுட்டான், நீ கெட்டிக்காரிதான்"ன்னு என்னைப் பாராட்டுதாளுவ. நான் எந்தச் சுவத்துல போய் முட்ட?

ஒருநாள் தருவை ரோட்டுல அவன் பின்னாலயே போறேன். ஸ்கூட்டரை அணைச்சு உருட்டுனேன். அவன் சூ சத்தம் கேக்குது.

கூடவே வெறுங்கால் சத்தம்.

சத்தத்தை வச்சுப் பார்த்தா அவனுக்கு முன்னால ரெண்டு பேரு. அவனுக்கு வலது பக்கம் ஒருத்தன்.

கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. கற்பூர வாசம் மட்டும் வருது.

ஸ்கூட்டரைக் கீழ போட்டுட்டு ஓடுனேன். "தள்ளுலே, நான் தாரேன் தோளு"ன்னு சொல்லி அவன் இடது தோளைத் தட்டுனேன். தட்டுன எடம் பனிக்கட்டி. பீரு நிக்காமலே அழுதான்.

"பொம்பளை தட்டுனா விலக முடியல லாத்தா."

"வேற யாரையாவது கூப்பிடுதேன். உங்க குழுவுல அம்புட்டு ஆம்பளைக இருக்காங்கள்ல."

"வேண்டாம். அவனுக்கும் ஒரு லாத்தா இருப்பா." மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னான். "மாரத்தான்ல ஒரு எல்லைக்கோடு உண்டுல்லா? அங்கன எறக்கி வைக்கச் சொல்லுவாங்கன்னு நெனைக்கேன்."

அந்த ஒரு நம்பிக்கையிலதான் அவன் ஓடுனான். நானும் அதையேதான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

மாரத்தான் அன்னைக்கு பாளையங்கோட்டை மைதானத்துல காலையில இருந்து நிக்கேன். வெயில் ஏறிட்டு. கொட்டடிக்காங்க, ஒரே கூட்டம். பீரு உள்ள வாரான். இடது பக்கம் வில்லா வளைஞ்சு வாரான். எல்லாரும் கைதட்டுதாங்க. கோட்டைத் தாண்டுனான். கழுத்துல ஒரு பிள்ளை மெடலை மாட்டுச்சு.

அவன் நிக்கல.

மைதானத்தைச் சுத்தி எதையோ தேடிக்கிட்டே ஓடுதான். நான் குறுக்க போய் மறிச்சேன். என் முகத்தைப் பார்த்து, வழி தெரியாத ஆளு மாதிரி கேட்டான்.

"லாத்தா, எங்க எறக்க?"

அவன் என் மேலயே சாஞ்சான்.

நெஞ்சுன்னு டாக்டர் சொன்னாரு. குளிப்பாட்டுன ஆளுக வேற ஒண்ணு சொன்னாங்க. இடது தோள்ல கம்பு பதிஞ்ச தடம் கருநீலமா இருந்துச்சாம். அவன் ஜனாஸாவுக்கு ஊரே திரண்டு வந்து ஆள் மாறி ஆள் தோள் குடுத்துச்சு. மெடலையும் சூவையும் நான் அலமாரியில வச்சுப் பூட்டினேன்.

பொறவு ஒவ்வொரு விடியக்காலமும் எங்க தெருவழியா அந்தச் சத்தம் போகும். மூணு பேரு வெறுங்காலு, ஒருத்தன் சூ. ஜன்னலைத் திறக்க எனக்குத் தைரியம் கிடையாது. கைகால் கழுவுற மாதிரி தெனமும் அழுவேன்.

நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு என் வீட்டுக்காரர் ரசீத் தம்மாம்ல இருந்து வந்தாக. அவுகளுக்கு மச்சினன் நெஞ்சுவலில போனான்னு மட்டும்தான் தெரியும். போன்ல சொன்னா என்னைப் பைத்தியம்னுதான் நெனைப்பாகன்னு நான் மத்ததைச் சொல்லல. வந்த மறுநா அசந்து தூங்கிட்டேன். விடியக்காலம் சுபுஹு தொழுகைக்குத் தனியா எழுந்து போயிருக்காக. திரும்பி வரும்போது எனக்கு முழிப்பு வந்துச்சு.

அன்னைக்குத் தெருவுல சூ சத்தம் கேக்கல.

"போற வழியில ஒரு சந்தூக்கு வந்துச்சு ஷம்ஸியா. பாவம், நாலே பேருதான். பின்னால இடது மூலையில நின்னவன் தோளைத் தட்டுனேன்."

நான் பாயை விட்டு எழுந்திரிச்சேன்.

"இருட்டுல முகம் சரியாத் தெரியல, ஆனா மய்யித்துத் தூக்குற எடத்துல சூ போட்டிருக்கான், பார்த்துக்க. ஆரஞ்சு நாடா வேற. தட்டுனதும் என் கையை ஒரு பிடி பிடிச்சான், என்னமோ சொல்ல வாய் எடுத்தான். சத்தமே வரல. பொறவு ஆத்துப் பக்கம் ஓடுனான். என்னா ஓட்டம். றெக்கை கட்டுன மாதிரி."

என் தம்பி எறக்கி வச்சுட்டான். அல்ஹம்துலில்லாஹ்னு நெஞ்சு சொல்லுது.

"நீங்க?"ன்னு கேட்டேன். "நீங்க யாருகிட்ட மாத்துனிய?"

"யாரு இருக்கா மாத்துறதுக்கு? பள்ளியில ஜமாஅத் தொழுகை தவறிருமேன்னு வந்துட்டேன். மூணு பேரு இருக்காங்கல்லா." இடது தோளைப் பிசைஞ்சுக்கிட்டே முற்றத்துக்கு வந்தாக. "இங்கன லேசாப் பிடிச்சிருக்கு. தைலம் இருந்தா எடு."

"உக்காருங்க, தேய்ச்சு விடுதேன்."

"உக்காந்தா வலிக்கு"ன்னு சொல்லிட்டு, அங்கிட்டும் இங்கிட்டும் நடக்க ஆரம்பிச்சாக. "நடந்தா தேவலை."