தாடியில் வந்த விதை

“குனியாதீங்க... குனியாதீங்கன்னு சொல்றேன்ல!”

அவள் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே அதிர்ந்தது. கொட்டும் மழையில் குடையோடு வடிகட்டும் தாள் இரவல் கேட்க வந்தவன், எதிர்க் கட்டடத்தில் புதிதாகச் சேர்ந்தவன், அவள் குடுவைக்கு நேர் மேலே தாடியைச் சொறிந்தபடி நின்றான். தாடிக்கு மேலே இரண்டு கண்கள்... சிரிக்கிற கண்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

“பார்த்தா தேஞ்சா போயிடும்?”

“முதல்ல அந்தத் தாடியை ஷேவ் பண்ணுங்க. அப்புறம் இந்தப் பக்கம் வரலாம்!”

அவன் முகம் சுண்டிப்போனது. தாளைக்கூட வாங்காமல் வெளியேறினான்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. புது மருந்தொன்றைப் படிகமாக்கும் பொறுப்பு அவளுடையது. அதுவோ கொழகொழவென்று தேன் மாதிரி நின்றது. குளிர வைத்தாலும் மசியவில்லை, கெஞ்சினாலும் மசியவில்லை. நாளைய கூட்டத்தில் படிகத்தைக் காட்டாவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆனாலும் யாரிடமும் உதவி கேட்கமாட்டாள். அங்கே அவளுக்குப் பெயரே ‘மகாராணி’.

மறுநாள் காலை... குடுவை நிறைய ஊசி ஊசியாக வெள்ளைப் படிகங்கள்!

துள்ளிக் குதித்தவளுக்கு மெல்ல விஷயம் புரிந்தது. கரைசல் எவ்வளவு கெட்டியானாலும், பற்றிக்கொள்ள விதை மாதிரி ஒரு துகள் வேண்டும். அதன்மேல்தான் மற்றதெல்லாம் வரிசையாக வந்து சேரும். எதிர்க் கட்டடத்தில் அரைபடுவது அமைப்பில் இவள் மருந்துக்குப் பங்காளி முறையான இன்னொரு மருந்து. அந்தத் தூள்தான் தாடியிலிருந்து விழுந்திருக்கிறது.

“பிரமாதம்மா! எப்படிச் செஞ்ச?” கூட்டத்தில் ஆய்வுக்கூடத் தலைவி கேட்டார்.

என் கைராசி என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இரவல் புகழில் நெஞ்சை நிமிர்த்துவதா... இவளா?

“நான் செய்யலை மேடம். எதிர் பில்டிங்காரர் தாடி செஞ்சது.”

அறை குலுங்கிச் சிரித்தது. அவள் தலை குனியவில்லை. தலைவி மட்டும் சிரிக்காமல் சொன்னார்: “விதை எங்கேருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சது நீதானே? வேலை உன்கிட்டயே இருக்கட்டும்.”

மழையைப் பொருட்படுத்தாமல் எதிர்க் கட்டடத்துக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தவன் முகம் மழமழவென்றிருந்தது.

“ஐயோ... யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“நீங்க திட்டினதுக்காக ஒண்ணும் எடுக்கலை” என்றான் வீறாப்பாக. பிறகு குரல் இறங்கியது. “உங்களுக்குப் பிடிக்கணுமேன்னு எடுத்தேன்...”

அவள் கண்கள் நிறைந்தன. “பிடிச்சிருக்கு. தாடி இருந்தாலும் இல்லேன்னாலும்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

“என்ன? மெஷின் சத்தத்துல காதுல விழலையே...”

நன்றாகவே விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மகாராணி இன்னும் உரக்கச் சொன்னாள். வராந்தா முழுவதும் கேட்டது. கேட்கட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.