வெறுங்கால் ஒத்திகை

ஆறாம் வகுப்பு 'பி' பிரிவின் மாமல்லபுரப் பயணத்துக்கு நடுவில் ஒரு டிவி தொடர் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் புராணத் தொடர் ஆரம்பித்தால் தாம்பரத்தின் தெருக்கள் வெறிச்சோடிவிடும். அதில் எல்லோரும் இந்தியில் பேசுவார்கள். பாதிப் பேருக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் ஒருவர்கூட எழுந்து போக மாட்டார்.

"ஞாயிறு பஸ் ஏற்பாடு பண்ணியாச்சு. மத்த திட்டத்தை நீங்களே போடுங்க" என்று லோகநாயகி டீச்சர் சொல்லியிருந்தார். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் நோட்டு ரமாவிடம் வந்தது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், பாறைக் குன்று, கலங்கரை விளக்கம் என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டாள்.

"எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"

"பத்தரைக்கு" என்றான் ஏகநாதன். அவன் வீட்டில் கலர் டிவி இருந்தது. "சீரியல் முடிஞ்சதும் நேரா பஸ்."

முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தாறு பேர் கை தூக்கினார்கள். ரமா தூக்கவில்லை. பச்சையம்மாவும் தூக்கவில்லை.

மணி அடித்ததும் பச்சையம்மா ரமாவின் பக்கத்தில் வந்தாள். "என் பேரை அடிச்சுடு. நான் வரல."

"ஏன்? கடலைப் பாக்கணும்னு நீதானே சொல்லிக்கிட்டே இருந்தே?"

"வூட்ல வேல கீது."

ரமாவுக்குக் காரணம் புரிந்தது. பச்சையம்மாவிடம் செருப்பு கிடையாது. பத்தரைக்குக் கிளம்பினால் உச்சி வெயிலில்தான் பாறையில் ஏற வேண்டியிருக்கும். இதை எல்லோர் முன்னாலும் சொன்னால் பச்சையம்மாவின் முகம் வாடிப்போகும். ரமா அவள் பெயரை அடிக்கவில்லை. யோசித்தாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், வெயிலில் காய்ந்து கிடந்த சிமெண்ட் கொடிமேடைக்கு வகுப்பையே அழைத்துப் போனாள். "ஒத்திகை பாப்போம். இதுதான் பாறை. மேல நின்னு அஞ்சு ரதத்தோட பேரும் சொல்லணும்."

"இவ்ளோதானா?" என்று செருப்போடு ஏறப் போனான் ஏகநாதன்.

"கழட்டு. கடற்கரை மணல்ல எல்லாரும் செருப்பைக் கையிலதான் தூக்கிக்கிட்டுப் போகப் போறோம்."

ஏகநாதன் ஏறினான். "திரௌபதி ரதம், அர்ஜுன ரதம்..." மூன்றாவது ரதத்துக்குள் அவன் கால்கள் தாமாகவே ஆடத் தொடங்கின. நான்காவதைச் சொல்லாமலே கீழே குதித்துவிட்டான். அடுத்து ஏறிய ஞானஜோதி இரண்டாவது ரதத்தையே தாண்டவில்லை.

பச்சையம்மா சத்தமில்லாமல் ஏறினாள். கொடிக்கம்பத்தின் நிழல் மேடையில் மெல்லிய கோடாக விழுந்திருந்தது. அதன்மேல் ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து நின்றாள். ஐந்து பெயர்களையும் நிதானமாகச் சொன்னாள்.

"உனக்குச் சுடவே இல்லையா?" என்றான் ஏகநாதன்.

"சுடாம இன்னா? நம்மூரு பச்சமலைல ஆடு ஓட்டிகினு போறேன் இல்ல? பாறை இத்தவிட சுடும். எட்டு மணிக்கு முன்னாடி ஏறி எறங்கிடணும். அப்பால நெழலாப் பாத்து நடக்கணும்."

"அப்போ சீரியல்?"

"அந்தக் கதைல யாரு ஜெயிப்பாங்கன்னு உனுக்குத் தெரியாதா?"

முதலில் சிரித்தது ஏகநாதன்தான். "அப்போ விடியக்காலையிலேயே கிளம்பலாமா?" என்று கேட்டாள் ரமா. இந்த முறை முப்பத்தெட்டுக் கைகளும் உயர்ந்தன.

ரமா நோட்டைத் திறந்து, பத்தரையை அடித்துவிட்டு, 'காலை ஐந்தரை' என்று எழுதினாள். அதன் கீழே, 'பாறையில் வழிகாட்டி: பச்சையம்மா' என்று எழுதி அதற்கும் சிவப்பில் அடிக்கோடு போட்டாள். பச்சையம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"வூட்ல வேல?" என்று கேட்டாள் ரமா.

"அந்த வேலய சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு, எல்லா இடமும் பார்த்துவிட்டு, சவுக்கு மர நிழலில் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் வேறொரு பள்ளியின் பஸ் வந்து நின்றது. அந்தப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் துள்ளித் துள்ளி ஓடினார்கள்.

பச்சையம்மா எழுந்து கையசைத்தாள். "இப்டி ஓரமா வாங்க. இங்க நெழல் கீது."

ஓடி வந்து நிழலில் நின்ற அவர்களுடைய ஆசிரியர், "நீங்க அதுக்குள்ள எல்லாத்தையும் சுத்திட்டீங்களா? யார் போட்ட திட்டம் இது?" என்று கேட்டார்.

எல்லோரும் ரமாவைப் பார்த்தார்கள். ரமா, புளிசாதம் ஒட்டிய விரலால் பச்சையம்மாவைக் காட்டினாள்.