முந்நூற்றுப் பதினோராம் வரி

மூலமானிக் கருவி முடிவு சொல்ல ஆறு நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. தூத்துக்குடி நிரல் நீதிமன்றத்தில் ஜெசிந்தா அவ்வளவு நேரமும் கிளாட்வினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெளுப்பதைப் பார்க்கத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தாள்.

மீன்பிடிப் படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை தரும் நிரலை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறமூலமாக வெளியிட்டவள் அவள். கூட வேலை பார்த்த கிளாட்வின் அவள் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். விருது அவனுக்குப் போனது. பொறாமைக்காரி என்ற பெயர் அவளுக்கு வந்தது. வேலையும் போயிற்று.

நடையைப் போலவே நிரல் எழுதுவதிலும் ஆளுக்கொரு வாகு உண்டு. எங்கே இடைவெளி விடுகிறார், எந்தப் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார் என்று பார்த்தே மூலமானி ஆளைச் சொல்லிவிடும். அது வந்த பிறகுதான் ஜெசிந்தா வழக்குப் போட்டாள்.

"நாலாயிரம் வரிகளில் ஒன்றைத் தவிர அனைத்தும் ஜெசிந்தா எழுதியவை. முந்நூற்றுப் பதினோராம் வரி மிகச் சிறியது. எழுதியவர் யாரென்று உறுதியில்லை," என்றது மூலமானி.

கிளாட்வினின் முகம் வெளுத்தது.

"அந்த வரியும் உங்களோடதுன்னா சத்தியம் பண்ணணும்," என்று ஜெசிந்தாவிடம் சொன்னார் நீதிபதி.

வக்கீல் அவள் காதருகே குனிந்தார். "போதும் மேடம். அத விட்டுருங்க."

"ஒரு வரியில அவன் பேரு இருந்தாலும் நான் ஜெயிச்சதா அர்த்தமில்ல சார்."

அந்த வரி கிளாட்வின் பிறகு சேர்த்தது என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்தது. அது என்ன செய்கிறது என்று படித்துப் பார்க்கவில்லை. சத்தியம் செய்தாள். கிளாட்வினின் பெயர் முழுதாக நீக்கப்பட்டது.

அடுத்து மணற்குடி ரோஸ்லினை அழைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவனும் இன்னும் ஆறு பேரும் கடலில் புயலில் சிக்கி இறந்துபோனார்கள். நிரலை எழுதியவர் யாரென்று முடிவாகட்டும் என்றுதான், எழுதியவர் மேல் அவள் போட்ட வழக்கு நின்றிருந்தது.

"எச்சரிக்கை நாற்பது நிமிஷம் தாமதமா வந்துச்சு. காரணம் ஒரே ஒரு வரி," என்றார் அவளுடைய வக்கீல். "முந்நூத்திப் பதினொண்ணு."

ஜெசிந்தா எழுந்தேவிட்டாள். "அது நான் எழுதல! கிளாட்வின், நீயே சொல்லு!"

கிளாட்வின் மெதுவாக நிமிர்ந்தான்.

"தீர்ப்பு வந்தாச்சு ஜெசிந்தா. அதுல என் எழுத்து ஒண்ணுகூடக் கிடையாது."

ரோஸ்லின் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். அவள் சத்தம் போடவில்லை.

"ஏம்மா, அப்படி எழுதுன?"