ஊசிக்குப் பின் மூன்றாம் மணி

கைப்பேசி அலறியது.

கண்ணாடியின் முன் நின்றிருந்த ஸ்ரீமதி திடுக்கிட்டு எடுத்தாள்.

"வணக்கம் மேடம்! விருதுநகர் கிளினிக்லருந்து ஐஸ்வர்யா பேசறேன். கன்னத்துல ஊசி போட்டு மூணு மணி நேரமாச்சு. எப்படி இருக்கீக?"

"வலிக்குதும்மா... உள்ளுக்குள்ள யாரோ திருகுற மாதிரி வலி! கன்னம் வேற வெள்ளையாக் கெடக்கு!"

மறுமுனையில் யாரோ கிசுகிசுப்பது கேட்டது.



"அது... எல்லாருக்கும் வர்றதுதான் மேடம். ஐஸ் வச்சுட்டுத் தூங்குங்க. சாயந்தரம் சரியாப் போகும்."

இணைப்பு அறுந்தது.

ஸ்ரீமதிக்கு வயது நாற்பத்திரண்டு. திருத்தங்கலில் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அச்சகம் நடத்தும் பாண்டிச்செல்வத்தின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். கன்னத்தில் விழுந்த பள்ளத்தை அதற்குள் நிரப்பிக்கொள்ள விரும்பினாள். பல்வலி என்று கணவனிடம் சொல்லிவிட்டு, காலையில் விருதுநகருக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

சொன்னபடி ஐஸ் வைத்தாள்.

அரை மணி நேரம் கழிந்தது. வலி இறங்கவில்லை. ஏறியது!

மீண்டும் கைப்பேசி. புதிய எண்.

"அக்கா... நான்தான் ஐஸ்வர்யா. பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசறேன். ஐஸை எடுத்துத் தூரப் போடுங்க!"

"ஏம்மா? நீதானே வைக்கச் சொன்னே?"

"டாக்டரம்மா பக்கத்துல நின்னாக. பொய் சொல்லிட்டேன். கண்ணாடி முன்னால நில்லுங்க. வெள்ளையா இருக்குற எடத்துல விரலால அழுத்தி எடுங்க. சிவப்புத் திரும்புதா?"

அழுத்தினாள். எடுத்தாள்.

திரும்பவில்லை.

மறு கன்னத்தில் அழுத்திப் பார்த்தாள். அங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் இரத்தம் ஓடி வந்தது. இங்கே... சுண்ணாம்பு!

"வரலையேம்மா!"

"போட்ட மருந்து ரத்தக் குழாய அடைச்சிருக்குக்கா. அதைக் கரைக்க வேற ஊசி இருக்கு. எம்புட்டுச் சீக்கிரம் போடுறீகளோ அம்புட்டுக்கு நல்லது. லேட்டானா தோல் செத்துரும். பார்வை மங்குனா இன்னும் ஆபத்து... மங்குதா?"

"இல்ல... இல்லம்மா!"

"அப்ப உடனே மதுரைக்குப் போங்க. ஒரு தோல் டாக்டர் நம்பர் அனுப்புறேன். நானும் பேசி வைக்கிறேன். இன்னொண்ணு... எங்க டாக்டரம்மா உங்க வீட்டுக்குக் கெளம்பி அரை மணி நேரமாச்சு. கரைக்கிற ஊசின்னு ஒண்ணு கொண்டாருவாக. அதை மட்டும் போட விடாதீக!"

"ஏன்?"

"மல்லாங்கிணத்துலருந்து வந்த அக்கா ஒருத்தருக்கும் அதைத்தான் போட்டாக. கரையலை. மூக்கு நுனி கருத்து... உதுந்துருச்சுக்கா!"

ஸ்ரீமதியின் விரல் தானாக மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தது.

கணவனை அழைத்தாள்.

"ஏங்க... பல்வலி இல்லீங்க. முகத்துக்கு ஊசி போட்டேன். கன்னம் வெளுத்துப்போச்சு. காரை எடுத்துட்டு வாங்க!"

"எங்கன போட்டே?"

"விருதுநகர்ல... பிரீத்திகா டாக்டர்கிட்ட."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரம் சட்டென்று நின்றது.

"இந்தா வந்துட்டேன். யாரையும் கிட்ட விடாதே!"

அழைப்பு மணி ஒலித்தது. இத்தனை விரைவாகவா? ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

கணவன் அல்லன்.

வெள்ளைக் கோட்டு. கையில் சிறு பை. உதட்டில் ஒரு புன்னகை.

"பயந்துட்டீங்களா மேடம்? அஞ்சு நிமிஷ வேலை!" என்றபடி உள்ளே நுழைந்தாள் பிரீத்திகா.

"நான்... மதுரைக்குப் போறேன் டாக்டர்."

"போற வழியிலேயே முகம் போயிடும். உட்காருங்க."

தோளைப் பற்றி உட்கார வைத்தாள். பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தாள். பொன்னெழுத்துகள். கொரியாவில் தயாரானது என்று ஆங்கிலத்தில் ஓர் உறுதிமொழி. உள்ளிருந்த குப்பியை எடுத்து, மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

நேரத்தைக் கடத்த வேண்டும்!

"அந்தப் பெட்டியக் குடுங்க டாக்டர். என்ன மருந்துன்னு பார்க்கணும்."

"படிச்சாப் புரியுமா?" பெட்டி மடியில் வந்து விழுந்தது.

ஸ்ரீமதி படிக்கவில்லை. அச்சக வீட்டுப் பெண்களுக்கே உரிய பழக்கத்தில், ஒட்டிய மடிப்பைப் பிரித்து விரித்தாள்.

உட்புறத்தில் பாதிப் புஸ்வாணப் படம்!

பச்சை நிறத்தில் பூத்திருந்தது.

போன சீசனில் மஞ்சளாக வரவேண்டிய புஸ்வாண லேபிள்கள் மை தவறிப் பச்சையாக வந்தன. பட்டாசுக் கம்பெனி மொத்த லோடையும் திருப்பி அனுப்பியது. கழித்த தாளைப் பாண்டிச்செல்வம் எடைக்குப் போட மாட்டான். மறுபக்கத்தில் சின்ன ஆர்டர்களை ஓட்டிவிடுவான். அவனுடைய சிக்கனம் ஊரறிந்தது.

கொரியா, இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது!

"அசையாதீங்க மேடம்." பிரீத்திகா அவள் தாடையை இறுகப் பற்றினாள். "அசைஞ்சா ஊசி கண்ணுல ஏறிடும்."

ஊசிமுனை நெருங்கியது. ஒரு சாண்... நான்கு விரற்கடை... ஒரு விரற்கடை...

கதவு படீரென்று திறந்தது!

"ஏய்! கைய எடு! அதுல மருந்தே இல்ல, வெறும் உப்புத்தண்ணி!"

பாண்டிச்செல்வம்!

பிரீத்திகா திரும்பினாள். வாய் பிளந்தது.

"அண்ணே... இது உங்க வீடா?"

ஸ்ரீமதி மெல்ல எழுந்தாள். பயம் போய்விடவில்லை. திசை மாறியிருந்தது.

"பெட்டி நம்ம ப்ரெஸ்ல அடிச்சதுன்னு பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு," என்றாள். "உள்ள உப்புத்தண்ணின்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அது... ஸ்ரீமதி... சத்தியமாச் சொல்றேன், உனக்குப் போடுவாகன்னு நெனைக்கலை!"

"ஊருல உள்ளவுகளுக்குப் போட்டாப் பரவாயில்லையோ?"

ஸ்ரீமதி பிரீத்திகாவின் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினாள்.

"சண்டைய அப்புறம் போடலாம். இப்ப வண்டிய எடுங்க!"

ஊசியையும் குப்பியையும் பெட்டியையும் வாரிக்கொண்டு, அவனை முன்னே தள்ளிக்கொண்டு வெளியேறினாள். கதவை இழுத்து வெளிப்புறம் பூட்டினாள். உள்ளிருந்து டாக்டரம்மா தட்டத் தொடங்கினாள்.

தட்டட்டும்.

சாலை நீண்டது. ஸ்ரீமதி ஐஸ்வர்யாவை அழைத்து, போலீசுக்குச் சொல்லச் சொன்னாள். பிறகு கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். வெள்ளை. பத்து நிமிடம் கழித்து அழுத்தினாள். வெள்ளை. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது.

"வேகமாப் போங்க... அய்யோ, வேகமாப் போங்களேன்!"

மதுரையில் தோல் மருத்துவர் வாசலிலேயே காத்திருந்தார். ஓர் ஊசி. அழுத்திப் பார்த்தார். வெள்ளை. இன்னோர் ஊசி. வெள்ளை. ஒரு மணி நேரம் கழித்து மூன்றாவது.

அழுத்தினார். எடுத்தார்.

இளஞ்சிவப்பு!

ஸ்ரீமதி வாய்விட்டு அழுதாள்.

"அழாதீங்கம்மா, முகத்தை அசைக்கக் கூடாது. ரெண்டு நாளைக்கு அழுத்தித் தேய்க்காதீங்க. வலி திரும்பினாலோ, நிறம் மாறினாலோ உடனே வாங்க. முக்கியமா, அதிகம் பேசாதீங்க."

மாலையில் இன்ஸ்பெக்டர் குருவம்மாள் மருத்துவமனைக்கு வந்தார். பூட்டிய வீட்டிலிருந்து பிடிபட்ட பிரீத்திகா ஏற்கெனவே ஜீப்பில் இருந்தாள். டாக்டர் பட்டம் அவள் பெயருக்கு முன்னால் மட்டுமே இருந்ததாம்.

இன்ஸ்பெக்டரின் பார்வை பாண்டிச்செல்வத்தின் மீது நிலைத்தது.

"உங்களுக்கும் பங்குன்னு அந்தப் பொம்பளை சொல்லுது."

"அய்யோ மேடம்! பெட்டிய அடிச்சுக் குடுத்ததோட நம்ம வேலை முடிஞ்சுது. உள்ள என்ன வச்சாகன்னு நான் கண்டேனா? என் சம்சாரத்தையே கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் கட்டிலருகே குனிந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உள்ள இருக்குறது என்னன்னு இவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

பாண்டிச்செல்வத்தின் கண்கள் மனைவியிடம் மன்றாடின. இருபது வருடத் தாம்பத்தியம்!

ஸ்ரீமதி உதடுகளை அளவாகப் பிரித்தாள்.

"டாக்டர் என்னை ரெண்டு நாளைக்குப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காக மேடம்..."

பாண்டிச்செல்வம் நீளமாக மூச்சு விட்டான்.

"...ஒரு பேப்பர் குடுங்க, எழுதித் தாரேன்!"