படிப்பாளி மூக்கு

"ஒரு ஆளோட உடம்புல மொத்தம் எவ்வளவு ரத்தம்மா இருக்கும்?"

சோல்பி இப்படிக் கேட்டபோது அம்மா அவள் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, காகிதத்தை முறுக்கி மூக்கில் அடைத்துக்கொண்டிருந்தாள். தரையில் நாலைந்து சிவப்புச் சொட்டுகள் விழுந்திருந்தன. தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களின் சூட்டில், துடைப்பதற்குள் அவை காய்ந்துபோயின.

"நெறைய இருக்கும் தங்கம். பரீட்சை முடியற வரைக்கும் தாங்கும்," என்றாள் அம்மா.

அம்மாவின் முகத்தில் கவலையே இல்லை. பெருமைதான் இருந்தது.

கொரியாவின் மலையூரான தேபெக்கில் மூக்கில் ரத்தம் வந்தால் யாரும் பதறுவதில்லை. தன் சக்திக்கு மேல் உழைத்துப் படிக்கிற பிள்ளைக்குத்தான் அது வரும் என்பார்கள். பெரிய வேலைக்குப் போனவர்கள்கூட, "மூக்குல ரத்தம் வரப் படிச்சேனாக்கும்" என்று மார்தட்டிக்கொள்வார்கள். அம்மா, 'மாண்டு' என்கிற ஆவிக் கொழுக்கட்டை விற்கும் கடையில் மாவு திரட்டும் வேலை செய்தாள். அங்கே வேலை செய்கிறவர்கள், சாப்பிட வருகிறவர்கள், முட்டைக்கோஸ் இறக்குகிறவர் எல்லோருக்கும் இப்போது சோல்பியின் மூக்கைப் பற்றித் தெரியும்.

ஒரே ஒரு விஷயம்தான் யாருக்கும் தெரியாது. சோல்பி படிக்கவே இல்லை.

கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சூடான தரையில் குப்புறப் படுத்திருப்பாள். ஓரத்தில் பூனை வரைவாள். பூனைக்கு மீசை வரைவாள். எண்களைப் பார்த்தால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். அப்படிக் கிடக்கும்போதுதான் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும்.

அது ஏன் வருகிறது என்று சோல்பி தனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தொலைக்காட்சித் தொடரில் பார்த்திருக்கிறாள். ஒரு அழகான அக்காவுக்கு மூக்கில் ரத்தம் வரும். அக்கா யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொள்வாள். தொடர் முடிவதற்குள் செத்துப்போவாள்.

தனக்கும் அந்த வியாதிதான் என்று சோல்பி நம்பினாள்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அப்பா தொலைவில் பூசான் நகரத்தில் கப்பல் கட்டும் இடத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து அம்மா சிரிப்பதையே விட்டிருந்தாள். இப்போதுதான் மறுபடி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு சோல்பியின் மூக்கு ரத்தத்தால் வந்தது. அதை எப்படிப் பறிப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரும் கண்ணை மூடியபோது சோல்பியும் மூடிக்கொண்டாள். சாகப் பயமாக இருக்கிறது, ஆனால் அம்மா சிரிப்பது நிற்க வேண்டாம் என்று கடவுளிடம் சொன்னாள். இரண்டையும் ஒன்றாகக் கேட்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது மடியில் ஒரு சிவப்புச் சொட்டு இருந்தது.

பிள்ளை ரொம்பக் களைத்துவிட்டாள் என்று அம்மா அன்றிரவு தரைச்சூட்டை இன்னும் ஏற்றி வைத்தாள். குளிர் நுழையாதபடி ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்தாள். காலையில் சோல்பியின் உதடு வெடித்திருந்தது. மூக்குக்குள் பொருக்கு கட்டி நமைச்சல் எடுத்தது. அவள் அதை விரலால் நோண்டி எடுத்தாள். மறுபடி ரத்தம் கொட்டியது.

கணக்குப் பரீட்சை அன்று வகுப்பிலேயே மூக்கிலிருந்து ரத்தம் வந்துவிட்டது. சோல்பி வழக்கம்போல் தலையை அண்ணாந்துகொண்டாள். ரத்தம் தொண்டை வழியே வயிற்றுக்குள் இறங்கியது. குமட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்கு ஓடும் வழியிலேயே, ஆள் இல்லாத தாழ்வாரத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். வாந்தியும் சிவப்பாக இருந்தது.

கழிப்பறைக்குள் போய் அழுதாள். இனி அதிக நாள் இல்லை என்று தோன்றியது. முகம் கழுவிவிட்டுக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அவள் பின்னாலேயே எழுந்து வந்திருந்த, வகுப்பில் கடைசி மேசைக்காரனான கியுவான் முட்டி போட்டு தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாளித் தண்ணீரின் குளிரில் அவன் விரல்கள் சிவந்திருந்தன. துடைத்து முடித்ததும், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தபோது தரை பளிச்சென்று இருந்தது. கேலி செய்ய யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆசிரியை சோல்பியை எழுந்து நிற்கச் சொல்லி, ரத்தம் வரும்வரை உழைக்கிற பிள்ளை என்று புகழ்ந்தார். பிறகு விடைத்தாளைக் கொடுத்தார். சோல்பி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பள்ளி விட்டதும் அம்மாவைப் பார்க்க மாண்டு கடைக்குப் போனாள். கியுவானின் அம்மாவும் அங்கேதான் வேலை செய்தாள். கியுவான் அவள் முன்னால் தலைகுனிந்து நின்றான்.

"அந்தப் பொண்ணு மூக்குல ரத்தம் கொட்டப் படிக்குது. உன் மூக்கு என்னைக்காவது சளியத் தவிர வேற எதையாவது காட்டியிருக்கா?" என்று அவள் கேட்டாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சோல்பியின் அம்மாவும் சிரித்தாள்.

கியுவான் பின்கதவு வழியாக வெளியே போனான். போனவன் திரும்பி வராததால் சோல்பி தேடிக்கொண்டு போனாள்.

முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குப் பின்னால், பனியில் உட்கார்ந்திருந்தான். கையில் கூராக்கிய பென்சில். உதட்டின் மேல் ரத்தம் வழிந்தது. கண்ணில் தண்ணீர் நின்றாலும் சிரித்தான்.

"எனக்கும் வந்துடுச்சு பாரு. இனிமே அம்மா திட்ட மாட்டாங்க."

சோல்பி அவன் எதிரே பனியில் மண்டியிட்டாள். தான் சொல்லாததால் வரும் கெடுதல் தன்னோடு போகும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

"நான் படிக்கவே இல்லடா," என்றாள். "இது படிப்பு ரத்தம் இல்ல. எனக்கு ஏதோ பெரிய வியாதி. நான் செத்துப்போயிடுவேன்."

கியுவான் பென்சிலைக் கீழே போட்டான். "உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொன்னா சிரிக்க மாட்டாங்க."

"செத்தா மட்டும் சிரிப்பாங்களா?"

சோல்பி அப்படி யோசித்ததே இல்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் போனாள். மாவுக் கைகளோடு நின்ற இரண்டு அம்மாக்களுக்கும் முன்னால், பூனை வரைந்ததிலிருந்து பென்சில் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியாக வியாதியையும் சொன்னாள்.

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு, சோல்பி பயந்தது போலவே, போய்விட்டது. அம்மா மாவுக் கையாலேயே அவளை வாரி எடுத்துக்கொண்டாள். கியுவானின் அம்மா மகனின் மூக்கைத் துடைக்க வந்து, துடைக்கத் தைரியம் இல்லாமல் துணியைப் பிடித்தபடியே நின்றாள்.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா சோல்பியின் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"விரல் போடுவியா?"

சோல்பி அம்மாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"நான் செத்துப்போவேனா டாக்டர்?"

"எதுக்குச் சாகணும்? நகத்த வெட்டு, போதும்."

மூக்கின் முன்பக்கத்துச் சுவரில் நூல் போன்ற ரத்தக் குழாய்கள் நிறைய இருக்கின்றன என்றார் டாக்டர். காற்று காய்ந்துபோனால் உள்தோல் வெடிக்கும், பொருக்குக் கட்டும், அதை நோண்டினால் ரத்தம் வரும். இவளுக்கு இருப்பது அவ்வளவுதான். குச்சி நுனியில் மருந்தைத் தொட்டு அந்த இடத்தில் வைத்தார். சுரீரென்றது. இரவில் மூக்குக்குள் தடவ ஒரு களிம்பும் கொடுத்தார்.

"இனிமே வந்தா அண்ணாந்து பார்க்காத. நிமிர்ந்து உட்காந்து கொஞ்சம் முன்னால குனி. மூக்கோட மெத்துனு இருக்கற பகுதிய அழுத்திப் பிடிச்சு, வாயால மூச்சு விடு. பத்து நிமிஷம் கைய எடுக்காத. அப்பவும் நிக்கலைன்னா இங்க வந்துடு. அறைய இப்படிக் கொதிக்க வைக்காதீங்கம்மா. ஈரத்துணி தொங்க விடுங்க."

கியுவானின் மூக்கில் பென்சில் கீறிய காயம் இருந்தது. காய்ந்த காற்று படாமல் இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரில் இருந்த தரைச்சூட்டுத் திருகைக் குறைத்தாள். குறைத்த பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"நானே உன்ன வறுத்தெடுத்திருக்கேன்," என்றாள்.

சோல்பி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அந்தப் பூனையைக் காட்டச் சொல்லி அம்மா கேட்டாள். மீசையைப் பார்த்ததும் அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவது என்று முடிவாயிற்று. அம்மாவுக்கும் கணக்கு வராது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

வகுப்பில் கியுவானின் மேசை ஹீட்டரை ஒட்டி இருந்தது. அந்த வாரம் சோல்பி யாரும் வருவதற்கு முன்பே பள்ளிக்குப் போனாள். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, அவன் மேசைக்கு அடியில் இருந்த கம்பியில் போட்டாள். அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

தான் அன்று தாழ்வாரத்தைத் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை என்றே கியுவான் நினைத்துக்கொண்டிருந்தான். சோல்பி அதைப் பற்றிப் பேசவில்லை.

மாலையில் எல்லோரும் போன பிறகு, அவள் குனிந்து துண்டைத் தொட்டுப் பார்ப்பாள். மொடமொடவென்று காய்ந்திருக்கும். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடைசி ஆளாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவாள்.