பாதிச் சுற்று

"மார்ச் 12, செவ்வாய். சிறு தவறு: மூன்றாம் பேரிங்கின் இடைவெளியை அளக்கவில்லை. போன முறை இருந்த அளவையே, பதினெட்டு என்று எழுதிவிட்டேன். மாலை வகுப்புக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது."

பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து டைரியில் அவள் வரிசை மாற்றுவதே இல்லை. முதலில் அன்றைய தவறு, பிறகு கற்றுக்கொண்டது, கடைசியில் நாளைய வேலை. தவறை எழுதிவிட்டால் பாதி மன்னிப்புக் கிடைத்த மாதிரி இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. அளப்பது கால் மணி நேர வேலைதான். ஈயக் கம்பித் துண்டை, பேரிங்குக்குள் சுழலும் தண்டான ஷாஃப்டின் மேல் வைத்து, பேரிங் மூடியை முறுக்கி, திரும்பக் கழற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனைப் பார்க்க வேண்டும். அவள் கம்பியை வெட்டினாள். அதோடு சரி.

மறுநாள் காலை, பழுது பார்த்து முடித்த அந்தக் காற்றூதி எந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். ஃபிட்டர் அண்ணனுக்குப் பட்டறையில் டாக்டர் என்று பெயர். ஓடுகிற எந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பார்.

"பதினெட்டா? காலேஜு எழுதினா கல்வெட்டுதான்," என்று, மாலை வகுப்புக்குப் போகிற அவளுக்குத் தான் வைத்த பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே எந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

வேகம் ஏற ஏற எந்திரத்தின் ரீங்காரம் மெலிந்து கூர்மையானது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம், தடித்தது, சோம்பலானது, யாரோ பக்கத்து அறையில் வட்டமாக நடப்பதுபோல் கிளம்பியதை அவள்தான் முதலில் கேட்டாள். நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தாள். ஏன் என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டாள். மூன்றாம் பேரிங்கின் போல்ட்டுகள் அறுந்து மூடி பெயர்ந்தது. கொதிக்கிற எண்ணெய் அண்ணனின் முகத்தில் அடித்தது.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார்.

"டாக்டர் போல்ட்ட ஒழுங்கா முறுக்கல. திங்கக்கிழமை விசாரணை. கண்ணும் போய் வேலையும் போகப்போகுது, பாவம். உன் அளவு சரிதானேம்மா?"

"சரிதான் சார்."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் வாத்தியார், யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, அதையே எடுத்தார். "ஷாஃப்ட் ரெண்டு சுத்து சுத்தினா, அதச் சுத்தியிருக்கிற எண்ணெய் ஒரு சுத்துதான் வரும். அதுலயும் கொஞ்சம் குறைச்சல். இடைவெளி அதிகமாயிட்டா அந்த எண்ணெய் ஷாஃப்டையே தள்ளிக்கிட்டு ஓட ஆரம்பிக்கும். ஒரு கட்டத்துக்கு மேல நீங்க எவ்வளவு வேகமாப் போனாலும் அது தன் தாளத்துலயேதான் போகும். பிடிச்சா விடாது."

எல்லாரையும் போல அவளும் குறிப்பெடுத்தாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது பின்னால் ஒரு காலடி கேட்டது. அவள் இரண்டு அடி வைத்தால் அது ஓரடி வைத்தது. சரியாக இரண்டுக்கு ஒன்று இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரு நூல் பிந்தியது. திரும்பினாள். கடைகளின் வெளிச்சத்தில் காய்ந்த நடைபாதை, மூடிய தையல் கடை, ஒரு சைக்கிள். ஓடினாள். அது ஓடவில்லை. அதே நிதானம். ஆனாலும் பின்தங்கவில்லை. நின்றாள்.

அது இன்னும் ஓரடி வைத்தது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணைச் சுற்றிக் கட்டு. செருப்புச் சத்தத்திலேயே அண்ணன் கண்டுபிடித்துவிட்டார்.

"காலேஜா? வாம்மா. இனிமே மேனேஜர் மூஞ்சியப் பாக்க வேண்டாம், அது ஒரு லாபம்." கட்டைத் தொட்டுக்கொண்டே, "நான்தாம்மா எங்கயோ முறுக்காம விட்டிருக்கேன். நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், பிடிபடல," என்றார்.

சொல்லிவிடலாம். இப்போதே. அவருடைய தலையணையை நேராக்கிவிட்டாள்.

"நிக்கச் சொல்லேன் அவங்கள," என்றார் அண்ணன்.

"யாரண்ணே?"

"உன்கூட வந்தவங்க. ஏன் கட்டிலச் சுத்திச் சுத்தி நடக்குறாங்க?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். அந்தக் கட்டிலின் மறுபக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது.

ஞாயிறு மாலை. அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் மேசையில், டைரியின் முன்னால். அறையில் சூடான எண்ணெயின் வாசனை, அடுப்பு எண்ணெய் இல்லை, இரும்பைத் தொட்டுக் கறுத்த எண்ணெய், தொண்டைக்குள் இறங்கிப் படிந்தது.

"ஏண்டி, உக்காந்த இடத்துலயே சாமி வந்த மாதிரி ஆடுற?" என்று அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

ஆடுகிறாளா? சுவரில் தன் நிழலைப் பார்த்தாள். தலை ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

அக்கா குளிக்கப் போனாள். குழாய்ச் சத்தம். அதற்கு அடியில் நடை. நாற்காலியைச் சுற்றி. நெஞ்சு இரண்டு முறை அடித்தால் அது ஒரு முறை சுற்றியது. பயத்தில் நெஞ்சு வேகமெடுத்தது. அது எடுக்கவில்லை. தன் தாளத்திலேயே. வட்டம் மட்டும் பெரிதானது. தலை. பிறகு தோள். பிறகு இடுப்பு வரை.

எழுதினால் நிற்கும். உண்மையை எழுதினால்.

"மார்ச் 17, ஞாயிறு. அளக்கவில்லை. பொய் சொன்னேன். அவர்மேல் தப்பில்லை."

காத்திருந்தாள்.

நிற்கவில்லை.

வெட்கம் முகத்தில் தீயாய் ஏறியது. டைரிக்கு ஏது காது? கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அறையை விட்டு ஓடிவிட எழுந்தாள். கால் ஊன்றவில்லை. வழுக்கவும் இல்லை. பாரமே இல்லாமல் உடம்பு நின்ற இடத்தில் மெல்லத் திரும்பியது. குனிந்து பார்த்தாள்.

உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. அதில் கறுப்பாக, பளபளப்பாக, ஒரு மெல்லிய படலம். சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவள் நின்றாள்.

மேசை விளிம்பைப் பிடித்தாள், பிடி நிற்கவில்லை. பேனா இன்னும் கையில் இருந்தது. வட்டம் மேசைப் பக்கம் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தையாக எழுதி முடித்தாள்.

"நாளைய வேலை: காலை பத்து மணி, விசாரணை. அளக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். கால் தரையில் பட்டதும் கிளம்ப வேண்டும்."