ஒரு மெழுகுவர்த்தி அதிகம்

போன் அலறியது!

ஜெரோமி எடுத்தான்.

"ஜெரோமியா? எஸ்.ஐ. விஜிதரன் பேசுறேன். ஒங்க வைஃப் கேஸ் முடிஞ்சிருச்சு. ஸ்டேஷனுக்கு வந்து அவங்க போனை வாங்கிட்டுப் போங்க."

"எப்பிடி முடிஞ்சிச்சு சேர்?"

"தற்கொலை. பாலத்துல இருந்து குதிச்சிருக்காங்க."

"குதிச்சதை யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. அதனாலதான் தற்கொலை."

ஜெரோமி போனை வைத்தான்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம். மெரினாவின் உடல் ஆற்றில் கிடைத்தபோது அவன் அழவில்லை. இப்போதும் அழவில்லை. பல்லைக் கடித்தான்.

'தற்கொலை'... அந்த ஒரு சொல்லுக்காக அவளைக் கல்லறைத் தோட்டத்தின் கடைசி மூலையில், குப்பை கொட்டும் வேலியோரத்தில் அடக்கியிருந்தார்கள். அங்கே போடச் சொன்னவர் தேயிலைத் தோட்டக் கோயிலின் உபதேசியார் அன்டன்.

அந்தச் சொல்லை அழிக்க வேண்டும்!

ஜெரோமிக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

ஸ்டேஷனில் விஜிதரன் போனை மேசை மேல் தள்ளினார்.

"ஹேண்ட்பேக் எங்க சேர்?"

"கெடைக்கல. ஆத்தோட போயிருக்கும்."

"செவப்பு பேக். தோள்ல குறுக்கா மாட்டுவா. ஆத்துக்கு அதைக் கழட்டத் தெரியுமா?"

"இங்க பாருங்க..."

"போன் மட்டும் பாலத்துக் கட்டையில நனையாம இருந்திச்சா? குதிக்கப் போறவ போனைப் பத்திரமா வச்சிட்டுக் குதிச்சாளா? இதைக் கேக்க ஒங்களுக்குத் தோணவே இல்லியா சேர்?"

விஜிதரன் ஃபைலைத் திறந்தார். மூடினார்.

ஜெரோமி அங்கேயே போனைத் திறந்தான்.

நிறையப் படங்கள். கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவுகள், கல்யாணப் பதிவுகள்... எல்லாவற்றிலும் ஒரே பெயர். இராயப்பன். மெரினாவின் பூட்டன், அவள் தாத்தாவின் அப்பா. நுவரெலியாப் பக்கம் சொந்தமாக மரக்கறித் தோட்டம் வைத்திருந்தவர். எழுபதுகளில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு. போகுமுன் தோட்டத்தை அன்டனின் அப்பாவுக்கு விற்றார் என்பதும் ஊர்ப் பேச்சுத்தான்.

மெரினா அவரை அக்கரைவரை தேடியிருந்தாள். மண்டபம் முகாமில் வந்து இறங்கியவர்களின் பதிவில் அவர் பெயர் இல்லை!

கடைசிப் படம்... கல்லறைத் திருநாள். அவள் சாவதற்கு இரண்டு நாள் முந்தி எடுத்தது. அன்டன் தன் வீட்டுக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி முடித்துவிட்டு, கையில் இன்னும் ஒன்றோடு நிற்கிறார். எதிரே யூகலிப்டஸ் மரம். மரத்தடியில் சிலுவை இல்லை, பெயர் இல்லை. வெறும் மண்!

ஜெரோமிக்குப் பொறி தட்டியது.

காணாமல்போன அன்று காலை மெரினா சொன்னது இதுதான். "உபதேசியார்கிட்ட ஒண்ணு கேக்கணுங்க. கேட்டுட்டு வந்துர்றேன்."

வரவில்லை.

ஜெரோமி போனை விஜிதரன் முன்னால் வைத்தான். அரை மணி நேரம் பேசினான். அவர் குறித்துக்கொண்டார்.

பின்னேரம் கோயிலில் அன்டன் பீடத்துப் பூச்சாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. மெரினாவுக்காகத்தான் தினமும் செபம் பண்றேன்."

"வேலியோரத்துல போட்டுட்டா?"

"சட்டம் அப்பிடி தம்பி."

"இராயப்பன் எங்க?"

பூச்சாடி ஒரு கணம் நின்றது.

"அவரு அந்தக் காலத்துலயே போயிட்டாரே! எங்கப்பாதான் அட்டன் ரயில்வே ஸ்டேஷன்ல கோச்சி ஏத்திவிட்டாரு. அழுதுகிட்டே போனாராம்."

"மரத்தடியில யாருக்கு மெழுகுவர்த்தி ஏத்துனீங்க?"

"அதுவா... அநாதை ஆத்மாக்களுக்கு. எங்கம்மா பழக்கம். சாகும்போது விட்டுறாதடான்னு சொன்னாங்க."

"வருசா வருசம் அதே எடத்துலயா? அநாதை அங்க மட்டுந்தான் படுப்பானா?"

"தம்பி, துக்கத்துல பேசுறீங்க..."

"ஆமா. நாளைக்குக் காலையில கோர்ட் ஆர்டரோட வந்து அந்த மரத்தடியைத் தோண்டுறாங்க. செபம் பண்ணுங்க!"

அன்டன் சிரித்தார். அழகாகத்தான் சிரித்தார். துடைத்த பூச்சாடியையே மறுபடியும் துடைத்தார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மிஸ்ட் இறங்கிவிட்டது. கல்லறைத் தோட்டம் மறைந்தது.

மம்பட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

டக்... டக்...

நின்றது.

"போதுமா உபதேசியாரே?"

டார்ச் வெளிச்சம் பளீரென்று அடித்தது! விஜிதரன், இரண்டு கான்ஸ்டபிள்கள், ஜெரோமி.

அன்டன் திடுக்கிட்டார். பிறகு நிமிர்ந்தார். குரலில் உபதேசம் போய் வேறொன்று வந்திருந்தது.

"சரி... இராயப்பன் இங்கதான் கெடக்கான். எங்கப்பா செஞ்சது. அவரு செத்து இருவது வருசம். கல்லறையை வேணும்னா காட்டுறேன், போய் வெலங்கு மாட்டுங்க!"

விஜிதரன் தயங்கினார். அந்தத் தயக்கம் ஜெரோமிக்கு எரிந்தது.

"எலும்பு ஆழத்துல இருக்கும் சேர். இவரு தோண்டினது ஒரு அடி. அதுக்குள்ள நிறுத்திட்டாரு." ஜெரோமி ஒரு எட்டு முன்னால் வைத்தான். "அந்த உரப்பையில என்ன?"

அன்டன் பையைப் பின்னால் இழுத்தார்.

ஜெரோமி பிடுங்கினான். கவிழ்த்தான்.

மண்ணோடு விழுந்தது... ஒரு சிவப்பு ஹேண்ட்பேக்!

வார் அறுந்திருந்தது.

ஜெரோமி குனிந்து வாரிலிருந்த மண்ணை விரலால் துடைத்தான்.

"ஏன் எரிக்கல?"

"ஒட்டி ஒட்டிக் கெடக்குற லயத்துல எதை எரிச்சாலும் பத்து வீட்டுக் காம்பராவும் மூக்கை நீட்டும்!" அன்டன் கத்தினார். "அந்த மரக்கறித் தோட்டம் எங்க பேருல இருக்கு. ஹோட்டல் கட்ட ஆளு வந்தாச்சு. இவ வந்து, 'அண்ணே, அந்த மண்ணுல யாரு'ன்னு சிரிச்சுகிட்டே கேக்குறா! பாலம் வரைக்கும் கேட்டுகிட்டே வந்தா!"

ஜெரோமி அடித்தான். ஒரே அடி. அன்டன் தான் தோண்டிய குழிக்குள்ளேயே உட்கார்ந்தார்.

விஜிதரன் அதைப் பார்க்கவில்லை. அந்த நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விலங்கு மாட்டினார்கள்.

"கோர்ட் ஆர்டர் எங்க? காட்டு! இல்லாம நீங்க தோண்ட முடியாது!" அன்டன் திமிறினார்.

"ஆர்டரா?" என்றான் ஜெரோமி. "அப்பிடி ஒண்ணு இல்லவே இல்ல. நாங்க எங்க தோண்டினோம்? நீங்கதானே தோண்டினீங்க!"



ஜெரோமி வேலியோரம் திரும்பிப் பார்த்தான். மிஸ்டுக்குள் மெரினாவின் சிலுவை தெரியவில்லை.

"சேர், நாளைக்கு ஃபைல்ல அந்தச் சொல்லை நீங்களே வெட்டணும். ஒங்க கையால. அப்புறம் அவளை வேலியோரத்துல இருந்து எடுத்து, இங்க அவ பூட்டன் பக்கத்துல வைக்கணும்."

விஜிதரன் தலையை ஆட்டினார். நிமிரவில்லை.

கான்ஸ்டபிள்கள் அன்டனை ஜீப்பை நோக்கி இழுத்தார்கள்.

ஜெரோமி கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்க உபதேசியாரே! எங்க ஆளை ஒங்கப்பா கோச்சி ஏத்திவிட்டதை யாருமே பாக்கல... ஒங்களை நான் ஜீப் ஏத்திவிடுறதைத் தோட்டமே பாக்கட்டும்!"